கணவாய் மூடினாலும் வட்டி நிற்பதில்லை
மலைநாட்டு இணைப்பு குறித்து ஐதராபாத்திலிருந்து ஒரு பாடம்

சமவெளியில் வாழும் நாம் சாலையைக் கிலோமீட்டரில் அளக்கிறோம். ஐதராபாத்திலிருந்து சென்னைக்குப் புறப்படுபவர் தொலைவைக் கேட்டறிந்து, சேரும் நேரத்தைக் கணித்துக்கொள்கிறார். அந்தச் சாலை நாளைக் காலையில் திறந்திருக்குமா என்ற ஐயம் அவருக்கு எழுவதில்லை. மலைநாட்டிலோ அதுதான் முதற் கேள்வி.

ஸ்ரீநகரையும் லே நகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை சுமார் 420 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழியில், சோனமார்க்கைக் கடந்ததும், 11,578 அடி உயரத்தில் சோஜிலா கணவாய் குறுக்கிடுகிறது. குளிர்காலத்தில் அங்கே பனி பெய்து, பனிச்சரிவுகள் பாதையை மூடிவிடும். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு மாதங்கள் வரை அது மூடிக் கிடந்தது. வரைபடத்தில் ஆண்டு முழுவதும் தெரிந்த அந்தச் சாலை, திராஸ், கார்கில் மக்களுக்கு அரையாண்டுச் சாலையாகவே இருந்தது.

ஐதராபாத் நகரம் தக்காணப் பீடபூமியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் அமைந்தது. பனியை அறியாத ஊர். ஆயினும் தொலைதூர மலைநாடுகளின் இணைப்புக்குத் தேவையான மூன்று பணிகள் இந்நகரோடு தொடர்புடையவை: மலையைக் குடைதல், மலைச்சரிவைக் கண்காணித்தல், மலைக்கு அப்பால் பணத்தைக் கொண்டுசேர்த்தல். இம்மூன்றையும் ஒரே அளவுகோலால் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எத்தனை கிலோமீட்டர் போடப்பட்டது என்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை நாட்கள் திறந்திருக்கிறது என்பதே அந்த அளவுகோல்.

மூடிய பாதையின் விலை

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நாம் அமைத்துக்கொண்டதே.

கணவாய்க்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மாதந்தோறும் 2 லட்சம் ரூபாய் கொள்முதல் மதிப்புள்ள சரக்கு விற்பனையாகிறது. பாதை ஐந்து மாதம் மூடியிருக்கும் என்றால், முன்கூட்டியே 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்கி அடுக்கிவிட வேண்டும். அதற்கு அவர் வங்கியில் ரொக்கக் கடன் பெறுகிறார். ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சரக்கு விற்க விற்க, வரும் பணத்தைக் கணக்கில் செலுத்திக்கொண்டே வருகிறார். ரொக்கக் கடனில் நிலுவைத் தொகைக்கு மட்டுமே வட்டி. எனவே ஐந்து மாதங்களின் சராசரி நிலுவை 5 லட்சம் ரூபாய். அதற்கான வட்டி ஏறத்தாழ 20,830 ரூபாய்.

பாதை திறந்தே இருந்தால் என்ன ஆகும்? அவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 1 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்கினால் போதும். சராசரி நிலுவை 50,000 ரூபாய். அதே ஐந்து மாதங்களுக்கு வட்டி ஏறத்தாழ 2,080 ரூபாய். இரண்டுக்கும் வேறுபாடு 18,750 ரூபாய்.

10 லட்சம் ரூபாய்ச் சரக்கில் இது ரூபாய்க்கு இரண்டு காசுக்கும் குறைவு. இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றலாம். உண்மையில், மூடிய பாதையின் பெரிய சுமை வட்டியில் இல்லை. கடன் வரம்பில் இருக்கிறது. முதல் நிலையில் அவருக்கு 10 லட்சம் ரூபாய் வரம்பு வேண்டும். இரண்டாம் நிலையில் 1 லட்சம் போதும். பத்து லட்சத்துக்கு உரிய பிணையமும் கணக்கு வழக்கும் காட்டக்கூடியவர்கள் ஒரு சிற்றூரில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவரோ இருவரோ. ஒரு லட்சத்துக்கு உரியவர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே கணவாய் மூடும்போது சாலை மட்டும் அடைபடுவதில்லை. சிறு வணிகர்கள் தொழிலில் நுழையும் வாசலும் அடைபடுகிறது. கடைகள் குறைகின்றன, போட்டி குறைகிறது, விலை ஏறுகிறது.

இதனோடு, மாதக்கணக்கில் வைத்திருப்பதால் கெட்டுப்போகும் சரக்கையும், தவறிப்போகும் கணிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளைவிப்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. பாதை மூடுவதற்குள் விளைச்சலை விற்றுத் தீர்க்க வேண்டிய உழவர், கேட்ட விலைக்குக் கொடுக்கும் நிலைக்கு ஆளாகிறார். மலைவாழ் குடும்பம் விற்கும்போது மலிவாக விற்று, வாங்கும்போது கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறது. நோயாளியின் நிலையோ எந்தக் கணக்கிலும் அடங்காதது.

குடைவதும் காப்பதும்

பாதையைத் திறந்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. மலையைக் குடைவது ஒன்று. இருக்கும் சாலையைக் காப்பது மற்றொன்று.

முதல் வழிக்கு இமாசலப் பிரதேசத்தின் அடல் சுரங்கப்பாதை சான்று. ரோத்தாங் கணவாய் மூடியதும் லாஹௌல் பள்ளத்தாக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் துண்டிக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இச்சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. நீளம் 9.02 கிலோமீட்டர். மணாலிக்கும் லேவுக்கும் இடையிலான தொலைவு 46 கிலோமீட்டர் குறைந்தது. அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே இருபது ஆண்டுகள் சென்றன. பாறை தளர்ந்து நீர் பெருகிய சேரி நாலா என்னும் பகுதியில் பணி நீண்ட காலம் தடைப்பட்டது. மலைக்குள் இருப்பதை முன்கூட்டியே முழுதும் அறிய இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சோஜிலாவுக்கும் அத்தகைய சுரங்கப்பாதை அமைக்கப்பட்டு வருகிறது. 2018 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் பணியை ஏற்ற நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியதால் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பின்னர் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மேகா இன்ஜினியரிங் நிறுவனம் ஒப்பந்தம் பெற்று, 2020 அக்டோபரில் பணியைத் தொடங்கியது. பால்டாலுக்கும் மினாமார்க்குக்கும் இடையே 13 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், ஒரே குழாயில் இருவழிப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இது வடிவமைக்கப்பட்டது. அணுகு சாலையைக் காக்கும் சோனமார்க் சுரங்கப்பாதை தனித் திட்டமாக முடிக்கப்பட்டு, 2025 ஜனவரி 13 அன்று திறந்துவைக்கப்பட்டது.

இப்பணியில் புதிய ஆஸ்திரிய முறை கையாளப்படுகிறது. பாறையில் துளையிட்டு, வெடிவைத்து, சிதறிய கல்லை அகற்றியதும், வெளிப்பட்ட பரப்பின்மீது கான்கிரீட்டைத் தெளிப்பார்கள். இரும்பு ஆணிகளைப் பாறைக்குள் செலுத்தி இறுக்குவார்கள். பிறகு பாறை எவ்வளவு அசைகிறது என்பதை அளந்து, அதற்கேற்ப அடுத்த தாங்கலை முடிவு செய்வார்கள். ஒவ்வொரு சில மீட்டருக்கும் மலையிடம் விடை கேட்டே முன்னேற வேண்டும்.

விடை எப்போதும் சாதகமாக இருப்பதில்லை. 2023 ஜனவரியில் சோனமார்க் அருகே சர்பல் பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டு, இச்சுரங்கப் பணியில் இருந்த இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாராவில் கட்டுமானத்தில் இருந்த வேறொரு சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். துளையிடும் இயந்திரம் உடைந்த பின், எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டி வழி திறந்தார்கள். பதினேழாம் நாள் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். மலைச்சாலையின் செலவை ரூபாயில் மட்டும் கணக்கிடுவது முறையாகாது.

இனி இரண்டாம் வழி. எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர்கள் கணவாயின் இருபுறமிருந்தும் இயந்திரங்களால் பனியை அகற்றுகிறார்கள். சோஜிலா 2022இல் 73 நாட்களும், 2023இல் 68 நாட்களும், 2024இல் 35 நாட்களும், 2025இல் 32 நாட்களும் மூடியிருந்தது. ஆண்டுதோறும் பனிப்பொழிவு மாறுபடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எனினும், சுரங்கப்பாதை முடிவதற்கு முன்பே, மாதங்களாக இருந்த அடைப்பு சில வாரங்களாகச் சுருங்கியிருக்கிறது. புதிய சாலைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. பராமரிப்புக்கு அவை இல்லை. திறந்திருக்கும் நாட்கள் என்னும் அளவுகோலைப் பிடித்துப் பார்க்கும்போதுதான் பராமரிப்பின் பயன் கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மாற்றுவழி. லடாக்குக்கு ஸ்ரீநகர் வழியும் மணாலி வழியும் இருந்தன. நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை 2024 மார்ச்சில் இணைக்கப்பட்டபோது மூன்றாம் வழி கிடைத்தது. அவ்வழியில் உள்ள ஷிங்கு லா கணவாயிலும் சுரங்கப்பாதைப் பணி 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொன்று இருக்கும் என்ற நம்பிக்கையும் இணைப்பின் ஒரு பகுதியே.

சரிவைப் படிப்பது

மலைச்சாலையின் பகை பனி மட்டும் அன்று. மழையில் ஊறிய மண்ணும் சாலையோடு சரிந்துவிடும். எந்தச் சரிவு ஆபத்தானது என்பதை அறியாமல் சாலை போட்டால், போட்ட சாலையே சரிவைத் தூண்டிவிடவும் கூடும்.

இங்கே ஐதராபாத்தின் இரண்டாம் பங்கு வருகிறது. இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் இந்நகரின் பாலாநகரில் இயங்குகிறது. நகருக்கு வெளியே ஷாத்நகரில் உள்ள அதன் ஆண்டெனாக்கள் செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவைப் பெறுகின்றன. இம்மையம் 2023இல் இந்திய நிலச்சரிவு வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 1998 முதல் 2022 வரை 17 மாநிலங்களிலும் இரண்டு ஒன்றியப் பகுதிகளிலும் நிகழ்ந்த ஏறத்தாழ 80,000 நிலச்சரிவுகளின் பதிவு அதற்கு அடிப்படை. மக்கள்தொகை, சாலைகள் முதலியவை எந்த அளவு ஆபத்துக்கு உட்பட்டுள்ளன என்பதைக் கொண்டு 147 மாவட்டங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. உத்தராகண்டின் ருத்ரபிரயாக் முதலிடத்தில் உள்ளது.

பழைய சரிவுகளை ஏன் பதிவு செய்ய வேண்டும்? 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிகழ்ந்தது அதற்கு விடை. முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த அந்நிலச்சரிவில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாளே தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தது. சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்திருந்தது. இடிபாடுகள் ஆற்றோடு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியிருந்தன. சரிவு தொடங்கிய அதே இடத்தில் முன்பே ஒரு நிலச்சரிவு நிகழ்ந்திருந்ததும் அம்மையத்தின் பதிவில் இருந்தது. சரிந்த இடம் மீண்டும் சரியக்கூடும். பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. சாலை போடுபவரும், வீடு கட்டுபவரும், அதற்குக் கடன் கொடுப்பவரும் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அப்பேரிடரில் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் முண்டக்கை துண்டிக்கப்பட்டது. இராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவினர் இரவு பகலாக உழைத்து, 190 அடி நீள பெய்லி பாலத்தை அமைத்து, ஆகஸ்ட் 1 அன்று திறந்துவிட்டனர். தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1948இல் சோஜிலாவில் எதிரிகள் லடாக்கின் வழியை அடைத்து நின்றபோது, பால்டாலிலிருந்து கணவாய்க்குச் செல்லும் கோவேறு கழுதைப் பாதையைப் பீரங்கி வண்டிகள் ஏறும் தடமாக மாற்றியவர்களும் மதராஸ் சாப்பர்கள் என்னும் இதே படைப்பிரிவினரே. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அந்த வண்டிகள் கணவாயைக் கடந்தன.

பணம் செல்லும் வழி

சரக்கு சாலையில் செல்கிறது. பணம் எதில் செல்கிறது? கணினி வருமுன், மலைக்கு அப்பாலுள்ள கிளையிலிருந்து வரும் காசோலையும் அதே கணவாயைக் கடந்தே வரவேண்டியிருந்தது. சாலை மூடினால் தபால் தாமதம். தபால் தாமதமானால் பணமும் தாமதம்.

இந்தப் பிணைப்பை அறுத்ததில் ஐதராபாத்துக்கு மூன்றாம் பங்கு உண்டு. வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தை ரிசர்வ் வங்கி 1996இல் இந்நகரின் மாசாப் டேங்கில் நிறுவியது. அந்நிறுவனம் 1999 ஜூனில் இன்ஃபினெட் என்னும் வங்கி வலையமைப்பைத் தொடங்கியது. அது வீசாட் எனப்படும் சிறு தட்டு ஆண்டெனாக்களைக் கொண்டு இயங்கியது. கிளையின் கூரைமேல் உள்ள தட்டு, பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞையை அனுப்பும். அது ஐதராபாத் மையத்துக்கு இறங்கும். விடை அதே வழியில் திரும்பும். போக வர ஏறத்தாழ 1,44,000 கிலோமீட்டர். ஆகும் நேரம் அரை நொடி. இந்த வழியில் கணவாய் எதுவும் குறுக்கிடாது.

2004 ஆகஸ்டில் அதே நிறுவனம் தொடங்கிய தேசிய நிதி இணைப்பகம், ஒரு வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் ஏடிஎம் இயந்திரத்தில் பயன்படுத்த வழிசெய்தது. 2009 டிசம்பரில் அது இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் விண்வழி மட்டும் போதாது. தட்டின்மேல் பனி படிந்தால் சமிக்ஞை நலியும். மின்சாரம் நின்றால் கணினி நிற்கும். ஸ்ரீநகரிலிருந்து லே வரை, திராஸ், கார்கில் வழியாக 335 கிலோமீட்டர் நீளமுள்ள 220 கிலோவோல்ட் மின்தொடர் 2019 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகே லடாக் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தது. அந்த மின்தொடரைப் பழுதுபார்க்கச் செல்பவருக்கோ சாலை வேண்டும். சாலை, மின்சாரம், தொலைத்தொடர்பு, வங்கி ஆகிய நான்கும் ஒரே சங்கிலி. எது மிக நலிந்த கண்ணியோ, அதன் வலிமையே சங்கிலியின் வலிமை.

நம் மலைகளுக்கும் இதே பாடம்

இமயத்தில் காணும் இப்பாடம் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்குக் குன்னூர் வழி, கோத்தகிரி வழி என இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்றில் மண் சரிந்தால் மற்றொன்றின் வழியே உதகையின் கேரட்டும் உருளைக்கிழங்கும் சந்தைக்கு இறங்குகின்றன. இத்தகைய மாற்றுவழி இல்லாத மலையூர்களில் ஒரு நாள் மழை ஒரு வார வருவாயைக் கொண்டுபோகக்கூடும்.

மலைப்பகுதியில் தொழில் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் பின்வரும் நான்கைக் கருத்தில் கொள்ளலாம்.

முதலாவது, கடன் கேட்கும்போது உங்கள் ஊர்ச் சாலையின் நாட்காட்டியையும் கிளை மேலாளரிடம் கூறுங்கள். எந்த மாதங்களில் சரக்கு வரும், எந்த மாதங்களில் வராது என்பது தெரிந்தால், வரம்பைப் பருவத்துக்கு ஏற்ப அமைப்பது குறித்துப் பேச முடியும். பயிர்க்கடனின் தவணை அறுவடையையும் விற்பனைக் காலத்தையும் ஒட்டி அமைவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, பாதை மூடும் காலத்தில் செலுத்த வேண்டிய தவணைக்கான தொகையை, பாதை திறந்திருக்கும் காலத்திலேயே தனியாக ஒதுக்கி வையுங்கள். கணவாய்க்கு விடுமுறை உண்டு, வட்டிக்கு இல்லை.

மூன்றாவது, இருப்புச் சரக்கையும் கட்டடத்தையும் காப்பீடு செய்யும்போது, நிலச்சரிவு அதில் அடங்குமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கடன்களை மறுசீரமைப்பதற்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் உள்ளன. பேரிடர் நேர்ந்தால் தவணை தவறும்வரை காத்திராமல் கிளையை அணுகுங்கள்.

நான்காவது, பணம் செலுத்துவதிலும் மாற்றுவழி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாத இடத்தில், சாதாரணக் கைப்பேசியில் *99# சேவை பயன்படும். அதற்கும் கைப்பேசிச் சமிக்ஞை தேவை. அதுவும் இல்லாத நாட்களுக்குச் சிறிது ரொக்கம் கையில் இருக்கட்டும்.

நம் வங்கித் துறைக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மலையூரில் ஒரு கிளையையோ வங்கி முகவரையோ அமர்த்தியவுடன் அவ்வூரை இணைக்கப்பட்ட ஊர் என்று கணக்கில் எழுதிக்கொள்வது எளிது. அந்தச் சேவை ஆண்டில் எத்தனை நாட்கள் உண்மையில் இயங்கியது என்று கேட்பது கடினம். பனிக்காலத்தில் முதியோர் ஓய்வூதியத்துக்காக நடந்து வந்த பாட்டி, சமிக்ஞை இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினால், அன்றைய நாளில் அவ்வூருக்கு வங்கி இல்லை என்பதே பொருள். திறந்திருந்த நாட்களை நாம் எண்ணத் தொடங்கினால், அடுத்து எந்தக் கண்ணியைச் சீர்செய்ய வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையே நமக்குக் காட்டிவிடும்.